மூன்றாம் விரல் எழும்வரை

கிருபாபுரத்துப் பேதுரு ஆலயத்தின் வாலிபர் பாடகர் குழு, பதினெட்டுப் பேரும் ஒரு மாஸ்டரும் ஒரு கீபோர்டுமாகக் கடல் தாண்டி ஊழியத்துக்குப் போய் ஒன்பதாம் நாள் சாயங்காலம் திரும்பி வந்து இறங்கியபோது, பதினெட்டுப் பேரும் இருந்தார்கள், மாஸ்டரும் இருந்தார், கீபோர்டும் உறை கிழியாமல் இருந்தது, திரிபேனாவின் குரல் மட்டும் வரவில்லை.

வேனைச் சுற்றி ஊரே கூடி நின்றது. டிரைவர் ஹாரனை அமுக்கினார், ஹாரன் கேட்கவில்லை. நாய் குரைத்தது, வாய் மட்டும் அசைந்தது. திரிபேனாவின் அம்மா ஞானசெல்வம், பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் நின்று ஒரு சத்தம் போட்டால் தேரிக்காட்டில் பனையேறிக்கொண்டிருப்பவன் இறங்கி வந்து என்னவென்று கேட்கிற அளவுக்குத் தொண்டை உள்ளவள், "வந்துட்டியாட்டி என் தங்கமே" என்று அலறிக்கொண்டு ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டாள், அலறியது அவள் காதிலேயே விழவில்லை. பத்தடிக்கு வெளியே கோழி கொக்கரித்தது, சைக்கிள் மணி அடித்தது, எல்லாம் வழக்கம்போல. பத்தடிக்கு உள்ளே ஒன்றுமே இல்லை. திரிபேனா தன் குரலை விட்டுவிட்டு வந்ததோடு, வேறொருத்தியின் மௌனத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

நடந்தது இதுதான். கோல்ட்வின் மாஸ்டருக்கு நாலு குரலையும் பிசிறில்லாமல் சேர்க்கத் தெரியும், ஆனால் கையில் மைக் கிடைத்தால் பேச்சை நிறுத்தத் தெரியாது. அவர்தான் குழுவை இலங்கைக்கு, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு, ஆறு நாளில் ஆறு சபை என்று கணக்குப் போட்டுக் கூட்டிக்கொண்டு போனார். ஐந்து சபையில் பாடினார்கள், சாட்சி சொன்னார்கள், அட்டை கடித்த காலைத் தேய்த்துக்கொண்டார்கள். ஆறாவது, பெல்மோர் தோட்டத்து மேற்பிரிவுச் சபை. மேகம் கோயிலுக்குள் ஒரு ஜன்னலில் நுழைந்து மறு ஜன்னலில் வெளியேறுகிற உயரம். அன்றைக்கு அங்கே அறுப்பின் பண்டிகை.

அறுப்பின் பண்டிகை கிருபாபுரத்துக்குப் புதிதில்லை. விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பதும், ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவதும் இங்கேயும் உண்டு. மேற்பிரிவில் முறை கொஞ்சம் வேறு. அங்கே காசுக்கு ஏலம் கிடையாது, கையில் இருப்பதை வைத்துத்தான் கேட்க வேண்டும்: கோழி, விறகு, ஒரு நாள் உடம்பு வேலை. விருந்தாளியானாலும் சரி, மேஜையில் எதையாவது வைக்காமல் யாரும் உட்காரக் கூடாது. கிருபாபுரத்தார் அதற்காகவே ஒரு பெட்டி கருப்பட்டி கட்டி எடுத்திருந்தார்கள். கூட எடுத்துப் போகாத டிரம்ஸின் பெட்டி என்று நினைத்து அதை ஏர்போர்ட்டுக்கு வந்த வேனிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பதினெட்டுப் பேரில் ஒருத்தருக்காவது எறும்பு எங்கே போகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை, என்னத்தைச் சொல்ல!

மேற்பிரிவுச் சபையை நடத்துகிற உபதேசியார் பாக்கியநாதன், ஒடிசலான மனுஷன், மழைக்கோட்டைக் கழற்றாமலே ஜெபம் பண்ணுகிறவர், மேஜைக்குப் பக்கத்தில் காகிதத்தோடு நின்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்தார். முட்டைக்கோஸ் பன்னிரண்டு, சேவல் மூன்று, பூசணி ஒன்று. விருந்தாளிகளின் முறை வந்தது. கோல்ட்வின் மாஸ்டர் பேந்தப் பேந்த விழித்தார். பிறகு மைக்கைப் பார்த்தார். பார்த்ததும் தெம்பு வந்துவிட்டது.

"எங்க கையில இன்னைக்கு ஒண்ணும் இல்ல. ஆனா எங்க சபைக்குன்னு ஒரு பெரிய பொக்கிஷம் இருக்கு. எங்க பிள்ளை திரிபேனாவோட குரல். அதையே இந்த மேஜையில காணிக்கையா வைக்கிறோம்!"

கிருபாபுரத்தில் இப்படிச் சொன்னால் கைதட்டுவார்கள், நாலு பேர் அல்லேலூயா சொல்வார்கள், மாஸ்டர் உட்கார்ந்துவிடுவார், அதோடு சரி. இங்கே யாரும் கைதட்டவில்லை. உபதேசியார் திரிபேனாவை ஏற இறங்கப் பார்த்து, "நெசமாத்தானம்மா? வச்சா வச்சதுதான்," என்றார். இருபது வயசுப் பிள்ளை, சிரிப்பை அடக்கமாட்டாமல் தலையை ஆட்டினாள். அவர் 'குரல் - ஒன்று' என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பூசணிக்கும் லீக்ஸ் கட்டுக்கும் நடுவில் வைத்து, காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு எலுமிச்சம்பழத்தையும் வைத்தார்.

ஏலம் தொடங்குமுன் விருந்தாளிகளுக்காக முறையைச் சொன்னார். தகரக் கூரையில் மழை விழுந்தால் அங்கே வாய்ச் சொல் எடுபடாது, அதனால் ஒரு தரம், ரெண்டு தரம் எல்லாம் விரலில்தான். முதல் விரல் எழும்பினால் பொருள் கேட்டவர் கைக்குப் போய்விடும். விலை கைமாறுவது மூன்றாவது விரலுக்கு. மூன்றாவது விரல் எழும்புகிறவரைக்கும் கையில் இருந்தாலும் பொருள் ஆண்டவருடையது, அதைத் தொட்டுப் பார்க்கலாம், பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்தினால் பொருளும் போச்சு, கொடுக்க வந்ததும் போச்சு. "நம்ம கங்காணி நாலு வருஷத்துக்கு முந்தி ரெண்டாவது விரல்லயே கொய்யாப்பழத்தைக் கடிச்சிட்டாரு. பழத்துல ருசி இல்ல, வீட்டுக்குப் போனா கோழியும் இல்ல," என்றார். கொழுந்து பறிக்கிறவர்களை மேய்க்கிற கங்காணி குனிந்து வேட்டியைச் சரி செய்துகொண்டார்.

குரலுக்குக் கங்காணி ரெண்டு சேவல் கேட்டார். ஒருத்தர் ஆறு நாள் விறகு வெட்டித் தருகிறேன் என்றார். பாடகர் குழு ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து சிரித்தது. அப்போதுதான் கடைசி ஜன்னலோரத்தில் இருந்து லேயாள் எழுந்தாள்.

லேயாள் கொழுந்து பறிக்கிறவள். அவள் பேசி ஒன்பது வருஷம். அவள் நிற்கிற வரிசையில் குருவி கத்துவதில்லை, அவள் உட்காருகிற ஜன்னலோரத்தில் மட்டும் கூரையில் விழுகிற மழைக்குச் சத்தம் இல்லை. தோட்டம் அதற்குப் பழகி, அவளுக்குப் பின்னால் ரெண்டு பெஞ்சு காலியாக விட்டிருந்தது. அவள் நடந்து வந்து, வெறும் ரெண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைத்தாள். கனமான எதையோ இறக்கி வைப்பதுபோல மெதுவாக வைத்தாள்.

உபதேசியார் அந்த வெறுங்கைகளைக் காகிதத்தில் குறித்துக்கொண்டார். பிறகு, "லேயா தன் மௌனத்தைக் குடுக்குறா. ஒன்பது வருஷத்து மௌனம். மேல யாரும் கேக்குறீங்களா?" என்றார். யார் கேட்பார்கள்? முதல் விரல் எழுந்தபோது திரிபேனா சிரித்துக்கொண்டிருந்தாள், சிரிப்பு பாதியில் காற்றாகப் போனது. மூன்றாவது விரல் எழுந்தபோது மழை நின்றுவிட்டது என்று நினைத்து அண்ணாந்து பார்த்தாள். மழை நிற்கவில்லை, கூரை ஓரத்தில் தாரை தாரையாகக் கொட்டிக்கொண்டுதான் இருந்தது.

மாஸ்டர் கெஞ்சினார், அழுதார், காலில்கூட விழப் பார்த்தார். மேற்பிரிவார் அவரைத் தூக்கி நிறுத்திப் பால் விடாத சாயத்தண்ணி கொடுத்தார்கள். "ஏலத்துல போனது போனதுதான் ஐயா. அடுத்த வருஷம் பண்டிகைக்கு லேயா மறுபடி மேஜையில வைப்பா, அவ நேர்மையானவ. வந்து கேட்டு எடுத்துக்கங்க," என்று உபதேசியார் பதமாகச் சொல்லி, வழிக்கு ரொட்டியும் சம்பலும் கட்டிக் கொடுத்து அனுப்பினார்.

ஞானசெல்வம் மகளை இழுத்துக்கொண்டு போகாத ஆஸ்பத்திரி இல்லை. டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுதிக் காட்டினார், இன்னும் அரைமணி நேரம் இங்கேயே இருக்க முடியுமா, வெளியே ஜெனரேட்டர் தொல்லை தாங்கவில்லை என்றும் எழுதிக் காட்டினார். சபைக் கமிட்டி கூடியது. கோல்ட்வின் மாஸ்டர் இனிமேல் மைக்கைத் தொடக் கூடாது என்று தீர்மானம் போட்டது. வேறென்ன செய்ய முடியும்? அதற்குள் ஊர் அந்த மௌனத்துக்கு வேலை கண்டுபிடித்துவிட்டது.

முதலில் ரைஸ் மில்லை ஒட்டிய வீட்டில் இருந்த, திரிபேனாவுக்குச் சித்தி முறையானவள், மூன்று மாதக் கைப்பிள்ளையைக் கொண்டுவந்து திரிபேனாவின் பக்கத்தில் கிடத்தினாள். பிள்ளை பிறந்து முதல் தடவையாகப் பகலில் தூங்கியது. அப்புறம் ப்ளஸ் டூ பரீட்சைப் பிள்ளைகள் புத்தகத்தோடு வந்து வட்டமாக உட்கார்ந்தார்கள். பாகப்பிரிவினையில் எட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகள் வந்து எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் வாயைக் கிழித்துக் கத்தித் தீர்த்து, ஒருத்தர் பேசியது மற்றவருக்குக் கேட்காததால் சமாதானமாகி எழுந்து போனார்கள். கோயிலில் அவளைச் சுற்றி இடம் பிடிக்க அடிதடி நடந்தது. தன் பிரசங்கத்தின்போதுதான் கூட்டம் அந்தப் பக்கம் நகர்கிறது என்பதைக் கவனித்த குருவானவர் ஐயர், அவளைக் கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னார், கூட்டமும் கடைசி பெஞ்சுக்குப் போனது. "நம்ம திரிபேனா அமைதி" என்று ஆறே மாதத்தில் அது ஊர்ச் சொத்தாகிவிட்டது. அந்தக் குரல் திரும்பி வர வேண்டுமே என்று ஜெபித்த வாய்களில் பாதி, கொஞ்சம் மெதுவாக வந்தாலும் பரவாயில்லை என்று உள்ளுக்குள் நினைத்தது.

நினைக்காதவள் ஞானசெல்வம் ஒருத்திதான். புருஷன் இல்லாத வீட்டில் அவளுக்கு ஒரே ஒரு மணி இருந்தது. எங்கே போய் வந்தாலும் திரிபேனா வாசலில் நின்று "அம்மா" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவாள். பேச்சு வந்த நாளிலிருந்து பழக்கம். இப்போது மகள் சுவரோரமாக வந்து நின்றாலும் தெரிவதில்லை, அடுப்பில் குக்கர் விசில் சட்டென்று ஊமையானால்தான் பிள்ளை வந்துவிட்டாள் என்று தெரியும். போகப் போகத் திரிபேனா ஒருத்திக்கு மட்டும் வெளிச் சத்தம் எட்டத் தொடங்கியிருந்தது, அதனால் மகளோடு பேச வேண்டுமானால் பத்தடி தள்ளித் தெருவில் போய் நின்று பேச வேண்டும், கட்டிக்கொள்ள வேண்டுமானால் பேச்சை விட வேண்டும். "ஒரே ஒரு தடவ கூப்பிடுட்டி, எனக்கு அது போதும்," என்று தெருவில் நின்று அழுவாள். திரிபேனா வாசற்படியில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடுவாள்.

அவளுக்கு இருந்த கஷ்டம் யாருக்கும் தெரியாது. வெளியே இருப்பவர்களுக்குத்தான் அந்த மௌனம் காலி. உள்ளே ஆள் இருந்தது. விளக்கு வைக்கிற நேரமானால் காலுக்கடியில், தரைக்குள்ளிருந்து, தட்டுகிற சத்தம் கேட்கும். சின்னக் கை தட்டுகிற தட்டல், மரியாதையான தட்டல், மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், மூன்று தட்டு. அந்த நேரத்தில் அவள் நாக்குக்கு அடியில் ஒரு சொல் வந்து உட்காரும். புளியங்கொட்டை மாதிரி உருளும், துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. என்ன சொல் என்று எழுதிப் பார்க்கப் பேனாவை எடுப்பாள், பேனா நிற்கும். அவளுடைய சொல் இல்லை அது. அவள் பயந்தாள். யாரோ எங்கேயோ அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது, அதுதான் அவளை ராப்பகலாக அரித்தது.

வருஷம் திரும்பியது. பதினெட்டுப் பேரும் மாஸ்டரும் மறுபடி கிளம்பினார்கள், கருப்பட்டிப் பெட்டியை இந்தத் தடவை மாஸ்டர் மடியிலேயே வைத்துக்கொண்டார். எழுதிப் போட்ட பாஸ்போர்ட் இன்னும் வந்து சேராத ஞானசெல்வம் வேனுக்குப் பத்தடி தள்ளி நின்று, "குரல் தொண்டைக்குள்ள வந்த உடனே போன்ல கூப்பிடணும், கேட்டியா? மாஸ்டர் கூப்பிடக் கூடாது, நீ கூப்பிடணும்," என்று சொன்னாள்.

மேற்பிரிவுக்குப் போகிற வளைவில் ஏறும்போதே திரிபேனா தன் குரலைக் கேட்டாள். மேலே எங்கேயோ, மேகத்துக்குள், அவளுடைய மேல்ஸ்தாயி. "யோவேலூ... சுகந்தீ..." என்று ரெண்டு பேர்களை நீட்டி நீட்டிக் கூப்பிட்டது. மாஸ்டர் காதைப் பொத்திக்கொண்டார். வேன் நின்ற இடத்தில் குடையோடு காத்திருந்த உபதேசியார் பத்தடி தள்ளி நின்றே விவரம் சொன்னார், பழகினவர் அல்லவா.

"பத்து வருஷத்துக்கு முந்தி இந்தச் சரிவுலதான் லேயா குடியிருந்த லயத்து வீடு இருந்துச்சு. பெரிய மழை. கொழுந்து நிறுக்கப் போறப்ப பிள்ளைக ரெண்டையும் உள்ள விட்டுட்டு, 'நான் சொல்ற வரைக்கும் வெளிய வரக் கூடாது'ன்னு சொல்லிட்டுப் போனா. மண்ணு வந்து மூடிருச்சு. ரெண்டு நாள் நின்னு கூப்பிட்டா, தொண்டை போச்சு. போன வருஷம் உங்க குரல் கெடச்சதும் முதல் வேலையா இங்க வந்து நின்னு கூப்பிட்டா. பதில் வந்துச்சு."

இதை அவர் மழைக் கணக்கு சொல்வதுபோலத்தான் சொன்னார். மேற்பிரிவு அதையும் தன் நடைமுறையில் சேர்த்துக்கொண்டிருந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் ரேடியோவை நிறுத்திவிடுவார்கள். கொழுந்து நிறுவையை அரைமணி முந்தி முடிப்பார்கள். பெற்றவர்கள் தங்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். சரிவின் மேல் யாராவது ரெண்டு பிஸ்கட் வைத்துவிட்டுப் போவார்கள், காலையில் அது இருக்காது, நாய் தின்றிருக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"பிள்ளைக என்ன சொல்லுது?" என்று மாஸ்டர் கேட்டார்.

"வெளிய வரலாமான்னு கேக்குது. தினமும் கேக்குது. சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளைக ஐயா. லேயா பேரைத்தான் கூப்பிடுறா, 'வாங்க'ன்னு சொல்ல அவளால ஆகல. அந்தச் சொல்லு ஒன்பது வருஷமா அவ மௌனத்துக்குள்ள கெடந்துச்சு. அதையும் சேத்துத்தான் ஏலத்துல குடுத்துட்டா."

திரிபேனாவின் நாக்குக்கு அடியில் புளியங்கொட்டை உருண்டது. ஒரு வருஷமாகப் பேர் தெரியாமல் சுமந்தது என்னவென்று அவளுக்கு விளங்கிவிட்டது. எழுதிக் காட்டக் காகிதத்தை எடுத்தாள், பேனா நின்றது.

மறுநாள் பண்டிகை ஆராதனை முடியவே சாயங்காலமாகிவிட்டது. லேயாள் வந்து 'குரல் - ஒன்று' சீட்டை மேஜையில் வைத்தாள். அவள் முகம் போன வருஷத்தைவிட இளைத்திருந்தது. கொடுக்கவும் மனசில்லை, வைத்துக்கொள்ளவும் நியாயமில்லை. திரிபேனா எழுந்து போய் ரெண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைத்தாள். அந்த மௌனத்துக்கு எதிராக யாரும் கேட்கவில்லை. மாஸ்டர் ஒரு தூணுக்குப் பக்கத்தில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். போனுக்குள் ஞானசெல்வம், புதுச் சேலை கட்டி, காதைத் திரைக்கு மிக அருகில் வைத்திருந்ததால் ஒரு கம்மல் மட்டும் தெரிந்தது.

உபதேசியார் முதல் விரலை உயர்த்தினார். திரிபேனாவின் தொண்டைக்குள் சூடாக ஏதோ இறங்கி உட்கார்ந்தது. பழைய வீட்டுக்குள் வந்து உட்காருகிற மாதிரி, இடம் தெரிந்து உட்கார்ந்தது. அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ரெண்டாவது விரல் எழுந்தது.

அப்போது விளக்கு வைக்கிற நேரம். சரிவிலிருந்து, மண்ணுக்குள்ளிருந்து, மூன்று தட்டு. ஒரு நிறுத்தம். மூன்று தட்டு. வழக்கமாகக் கூப்பிடுகிற குரல் இன்றைக்குக் கூப்பிடவில்லையே என்று காத்துப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் தாங்களாகவே கேட்டார்கள்.

"அம்மா, வெளிய வரலாமா?"

லேயாள் வாயைத் திறந்தாள். குரலைக் கொடுத்துவிட்டாள், பேர் சொல்லிக் கூப்பிடக்கூட அவளிடம் இப்போது ஒன்றும் இல்லை. திறந்த வாய் திறந்தபடியே நிற்க, சபையில் இருந்த பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மூன்றாவது விரல் எழும்பிவிட்டால் சொல்லோடு மௌனம் லேயாளிடம் திரும்பிப் போகும், குரல் திரிபேனாவிடம் வந்துவிடும். சொல் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம், இனி எந்தக் காலத்திலும் சேராது. இந்த ஒரு நிமிஷத்தில், ரெண்டாவது விரலுக்கும் மூன்றாவது விரலுக்கும் நடுவில், ரெண்டும் ஒரே ஆளிடம் இருந்தது.

திரிபேனாவுக்கு முறை தெரியும். கங்காணியின் கொய்யாப்பழம் ஞாபகம் வந்தது. போனுக்குள் ஆடுகிற கம்மல் தெரிந்தது. ஒரே ஒரு விரல் பொறுத்தால் போதும், ஊருக்குப் போய் வாசலில் நின்று கூப்பிடலாம், சாகிற வரைக்கும் கூப்பிடலாம். அவள் அம்மாவின் கம்மலைப் பார்த்தாள், லேயாளின் வாயைப் பார்த்தாள். உபதேசியாரின் மூன்றாவது விரல் மெல்ல நிமிரத் தொடங்கியது.

"வாங்க!" என்றாள் திரிபேனா. "யோவேலு, சுகந்தி, வெளிய வாங்க பிள்ளைகளா! அம்மா சொல்றேன், வாங்க!"

கோயிலே எழுந்து நின்றுவிட்டது. "ஐயையோ, வாயத் தொறந்துட்டாளே!" என்றார் கங்காணி, பட்டவர் அல்லவா. திரிபேனா கண்ணை மூடிக்கொண்டு தொண்டை காலியாவதற்காகக் காத்து நின்றாள். ஆனால் உபதேசியார் பாதி நிமிர்ந்த விரலை இடது கையால் பிடித்து மடக்கி, உள்ளங்கைக்குள் அழுத்தி வைத்துக்கொண்டார். ஏலத்தை முடிக்கவும் இல்லை, கலைக்கவும் இல்லை, ஏலம் முடிந்தால்தானே போவது போகும். ரெண்டு விரல் நீட்டியபடி அவர் கை மேலேயே நின்றது.

வெளியே தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் கேட்டது, அந்தச் சரிவில் கதவு என்று ஒன்று கிடையாது. பிறகு ஈரக் காலடிச் சத்தம். ஏழு வயசுப் பையனும் ஐந்து வயசுப் பெண்ணும் கையைப் பிடித்துக்கொண்டு கோயில் வாசலில் வந்து நின்றார்கள், தலைமுடியெல்லாம் சிவப்பு மண். கங்காணி சம்சாரம் முனகிக்கொண்டே ஓடிப்போய்ச் சாக்கை விரித்துப் போட்டாள், தரை நேற்றுத்தான் மெழுகியது. யாரோ வெந்நீர் வைக்கப் போனார்கள். பெண் பிள்ளை அண்ணாந்து கேட்டது, "மழை விட்டிருச்சாம்மா?"

லேயாளின் வாயிலிருந்து துருப்பிடித்த தகரம்போல ஒரு சத்தம் வந்தது. அது அவளுடைய சொந்தக் குரல், பத்து வருஷமாகத் தொடாமல் கிடந்தது. "விட்டிருச்சு," என்றாள்.

பிள்ளைகளைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். வருஷங்கள் போயும் ஏழு ஏழாகவும் ஐந்து ஐந்தாகவுமே இருக்கிறது, எத்தனை கழுவினாலும் அவர்கள் எழுதுகிற கொப்பியில் சிவப்பு மண் ஒட்டுகிறது. வேறு தொல்லை இல்லை. எந்தக் கதவைத் தாண்டுவதாக இருந்தாலும் உள்ளே நின்று "வெளிய வரலாமா?" என்று கேட்பார்கள், யாராவது "வாங்க" என்று சொல்லும்வரை அசையமாட்டார்கள். மேற்பிரிவில் இப்போது எல்லோருக்கும் அது பழக்கமாகிவிட்டது, கேட்டாலும் கேட்காவிட்டாலும் போகிற வருகிறவர்கள் எல்லாக் கதவையும் பார்த்து "வாங்க, வாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள்.

திரிபேனா குரலோடு ஊர் திரும்பினாள், மௌனமும் அவளிடமே தங்கிவிட்டது. வாயைத் திறந்தால் மௌனம் ஒதுங்கி நிற்கும், மூடினால் பத்தடிக்குப் பரவும். கிருபாபுரத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை அவள் பாடுவதையும் கேட்கலாம், கைப்பிள்ளையையும் தூங்கவைக்கலாம். உபதேசியார் அதற்குப் பிறகு ஏலமே விடவில்லை. அந்த விரலை உள்ளங்கையோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டார் என்றும், ரெண்டு விரலும் கட்டைவிரலுமாகவே சோறு சாப்பிடுகிறார் என்றும், கொழுந்துக் கூடையைத் தூக்கச் சொன்னால் இடது கையை நீட்டுகிறார் என்றும் வருகிறவர் போகிறவர் சொன்னார்கள். கிருபாபுரத்து அறுப்பின் பண்டிகையில் திரிபேனா உட்கார்ந்திருந்தால் ஏலக்காரர் ரெண்டு தரத்தோடு பொருளைக் கொடுத்துவிடுவார்.

ஆறாவது வருஷம் ஆடி மாதம், போஸ்ட்மேன் தெருமுனையிலேயே அவளை நிறுத்திக் கடிதத்தைக் கொடுத்தார். உபதேசியாரின் மகள் எழுதியிருந்தாள். நடந்துகொண்டே படித்தாள்.

'அப்பா போன வியாழக்கிழமை ஆண்டவருக்குள் நித்திரையடைந்தார். கடைசி மூன்று நாளும் நினைவில்லை, ஆனால் விரலை மட்டும் விடவில்லை. பெட்டியில் வைக்கும்போது கையை நெஞ்சில் சேர்த்துக் கட்டலாம் என்று பார்த்தோம், ரெண்டு விரல் நீட்டியபடியே இருந்தது, மூன்றாவது மடங்கியபடியே இருந்தது. நிமிர்த்திப் பார்க்க யாருக்கும் துணிவு வரவில்லை. அப்படியே அடக்கம் செய்துவிட்டோம். யோவேலும் சுகந்தியும் குழிமேட்டில் நின்று ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.'

அவள் வாசலுக்கு வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றவில்லை. உள்ளே ஞானசெல்வம் எண்ணெய்ச் சட்டியில் வடை போட்டுக்கொண்டிருந்தாள், பத்தடிக்கு அந்தப் பக்கம், எண்ணெய் பொரிகிற சத்தம் நன்றாகக் கேட்டது. ஒரு விரல் மண்ணுக்குள் எத்தனை நாள் மடங்கியிருக்கும்? தசை விட்டால் எலும்பு தானாக நிமிர்ந்துகொள்ளுமா? நிமிர்ந்த நிமிஷம் எந்த நிமிஷமாக இருக்கும்? இன்றைக்கா, இப்போதா, அது நடந்துவிட்டதா? வாயைத் திறந்து பார்த்தால்தான் தெரியும், ஒவ்வொரு தடவையும் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

"யாருட்டி வாசல்ல? நீயா? சத்தத்தையே காணோம்?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் ஞானசெல்வம்.

திரிபேனா வாயைத் திறந்தாள்.

"அம்மா," என்றாள். கேட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.